மெமோவில் ‘எக்ரீஜியஸ்’ என்று எழுதினால் எவ்வளவு மோசம்?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் கம்பெனி ஒரு பேங்க் கேரண்டி, அதாவது வேலை சரியாக நடக்காவிட்டால் பணம் தருகிறோம் என்ற வங்கியின் உறுதிப் பத்திரம், கொடுத்திருந்தது. அதை வாங்கி வைத்திருந்தவர்கள் இன்வோக் செய்து, வங்கியிடம் பணத்தைக் கேட்டுவிட்டார்கள். அதற்குக் கோர்ட்டில் தடை வாங்க வேண்டுமானால் ‘எக்ரீஜியஸ் ஃப்ராடு’ (egregious fraud) என்று காட்ட வேண்டும் என்கிறார் உங்கள் வக்கீல். கேரண்டியின் தேதியை நீட்டிக்காமல் விட்டதற்காக உங்களுக்கு வந்த மெமோவிலும் ‘எக்ரீஜியஸ் லாப்ஸ்’ என்று அதே சொல். இதற்கு நடுவே, இத்தாலியிலிருந்து உதிரிபாகம் அனுப்புகிறவர்களின் மெயில் ஒவ்வொன்றும் உங்கள் மேலாளர் பெயருக்கு முன்னால் ‘எக்ரேஜோ’ என்று போட்டுத்தான் ஆரம்பிக்கிறது. அகராதியைப் பார்த்தால் ‘படுமோசமான’ என்று இருக்கிறது. மூன்றும் ஒரே சொல்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. எவ்வளவு மோசமாக இருந்தால் இந்தச் சொல்லைப் போடலாம், நான் செய்தது அவ்வளவு மோசமா? நீங்கள் நிஜமாகக் கேட்பது இதைத்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. ஒரு வங்கியின் சட்டப் பிரிவில் 19 வருடம் இருந்தேன். விருப்ப ஓய்வுக்குப் பிறகு நீதிமன்ற ஆவணங்களைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றுவதுதான் பிழைப்பு. நான் வக்கீல் இல்லை. சொல்லைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். வழக்கைப் பற்றிச் சொல்வதை உங்கள் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில், ஆமாம், மூன்றும் ஒரே சொல்தான். லத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘கிரெக்ஸ்’ என்றால் மந்தை. மந்தையிலிருந்து தனித்து நிற்பது ‘எக்ரெகியுஸ்’. இதில் சந்தேகமே கிடையாது. அதே மந்தையிலிருந்து வந்த சொற்கள் ஆங்கிலத்தில் நிறைய மேய்கின்றன. கூட்டத்தோடு இருக்கப் பிடித்தவர் ‘கிரிகேரியஸ்’. கோயிலில் கூடும் சபை ‘காங்கிரிகேஷன்’. பிரித்து வைப்பது ‘செக்ரிகேட்’, சேர்த்துக் கூட்டுவது ‘அக்ரிகேட்’. (கிரிகோரி என்ற பெயரையும் இந்த வம்சத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. அது தவறு. அது விழித்திருப்பவன் என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து வந்தது.) ரோமாபுரியில் இது வெறும் பாராட்டாக மட்டும் இருக்கவில்லை, பட்டமாகவும் இருந்தது. பேரரசின் குதிரைவீரர் வகுப்பைச் சேர்ந்த அதிகாரிகளை ‘வீர் எக்ரெகியுஸ்’ என்று குறிப்பிட்டார்கள். நம் ஊர்ப் பத்திரிகையில் ‘உயர்திரு’ என்று போடுவதுபோல வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. வந்த புதிதில் அது எப்படி இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஆங்கிலத்தை விடத் தமிழ்தான் எனக்கு உதவியது. நம்மிடம் ‘மகா’ இருக்கிறது. மகாகவி என்கிறோம், மகாராஜா என்கிறோம், அதே வாயால் மகா பாவி, மகா மட்டம் என்கிறோம். மகாவுக்கென்று தனியாக நல்ல குணமோ கெட்ட குணமோ கிடையாது. பின்னால் வருவதை அது பெரிதாக்கும், அவ்வளவுதான். ‘பேர்போன’ என்பதும் அப்படித்தான். பேர்போன வித்வானும் உண்டு, பேர்போன திருடனும் உண்டு. இன்னும் வேடிக்கை ‘சரியான’ என்ற சொல். சரியான விடை, சரியான முட்டாள். ஒரு முட்டாளிடம் எது சரியாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

எக்ரீஜியஸும் முதலில் இப்படி இரண்டு பக்கமும் போய்வந்த சொல்தான். 1590-இல் அச்சான, ஆங்கில நாடகாசிரியர் மார்லோவின் டாம்பர்லேன் நாடகத்தின் இரண்டாம் பாகம், ஓர் அரசன் தன் சிற்றரசர்களைக் கூப்பிடுவதோடு தொடங்குகிறது. ‘எக்ரீஜியஸ் வைஸ்ராய்களே’ என்கிறான். திட்டவில்லை, பெருமையாகத்தான் அழைக்கிறான். சில வருடம் கழித்து ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றியில் பிஸ்டல் என்ற வாய்ச்சவடால் பேர்வழி, பிடிபட்ட பிரெஞ்சுக்காரனிடம் ‘எக்ரீஜியஸ் ரான்சம்’ கொடுத்தால்தான் உயிரோடு விடுவேன் என்று மிரட்டுகிறான். அங்கே அதற்குப் பெருந்தொகை என்று பொருள். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஒத்தெல்லோவில் இயாகோ, ஒத்தெல்லோவைக் கழுதையாக்கப் போகிறேன் என்று சொல்லும்போது அதே சொல்லைத் திரித்துப் போடுகிறான். அங்கே அது மகா கழுதை. ஒரே தலைமுறைக்குள் மூன்று பொருளும் புழங்கியிருக்கின்றன.

அப்புறம் நல்ல பக்கம் மெல்லத் தேய்ந்தது. 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி இரண்டு பொருளையும் தருகிறது. முதலில் சிறந்த, குறிப்பிடத்தக்க என்கிறது. இரண்டாவதாகப் பெயர் சொல்லும்படி மோசமான என்று போட்டு, வழக்கத்தில் இருப்பது இதுதான் என்று ஒரு வரி சேர்க்கிறது. ஆக, 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே முடிவு தெரிந்துவிட்டது. இன்று நல்ல பொருளில் யாராவது எழுதினால் தவறாக எழுதியிருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

ஏன் இப்படித் திரும்பியது என்பது மட்டும் கொஞ்சம் ஊகம். கிண்டல்தான் காரணம் என்பார்கள். நாமும் பையன் கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்தால் ‘பலே!’ என்கிறோம் இல்லையா, அதுபோல. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ஆனால் இது ஊகம் என்பதை மறக்கக் கூடாது. நல்ல பொருளும் கெட்ட பொருளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுத்தில் வந்துவிடுவதால், முதலில் கிண்டல், பிறகு நிலைத்த பொருள் என்று படிப்படியாகக் காட்ட முடிவதில்லை. மகாவைப் போல அது இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்து ஒரு பக்கம் உதிர்ந்துபோனது என்றும் சொல்லலாம்.

இது ஆங்கிலத்தின் கோணல் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ‘நாற்றம்’ என்ன பாடுபட்டது என்று பாருங்கள். ஆண்டாள் சங்கைப் பார்த்து ‘கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ’ என்று ஆசையோடு கேட்கிறாள். இன்று அதே வினையைப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், அடுத்த நிறுத்தத்தில் பஞ்சாயத்துதான். திருநெல்வேலிப் பக்கம் திருப்புடைமருதூர் சுவாமியின் பெயர் நாறும்பூநாதர். அந்தப் பெயரை வைத்திருக்கும் பிள்ளைகள் வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் படும் கேலியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மணக்கும் பூவுக்கு நாதர் என்று ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு வாத்தியாருக்கும் விளக்க வேண்டும். சொல் கெட்டுப்போனாலும் சாமி பெயரில் பழைய மணம் அப்படியே இருக்கிறது.

உங்கள் இத்தாலிய மெயிலில் நடந்திருப்பதும் அதுதான். ஆங்கிலத்தில் கெட்டுப்போன சொல், தாய்வழிச் சொந்தங்களிடம் கெடாமல் இருக்கிறது. இத்தாலியில் கடிதம் எழுதும்போது ‘எக்ரேஜோ’ என்பது நம் ‘மதிப்பிற்குரிய’. கொஞ்சம் பழைய, விறைப்பான மரியாதை. ஸ்பானிஷிலும் அது உயர்ந்தவரைச் சொல்லும் சொல்தான். பிரேசிலில் வக்கீல்கள் மேல்முறையீட்டு மனுவில் நீதிமன்றத்தை ‘எக்ரேஜியோ ட்ரிபுனல்’ என்று போற்றுவார்கள். அதை எழுத்துக்கு எழுத்து ஆங்கிலமாக்கிச் சென்னையில் தாக்கல் செய்தால் நீதிமன்ற அவமதிப்பு நோட்டீஸை எதிர்பார்க்கலாம். ஆகவே மெயிலில் இருப்பது வசவு இல்லை, உங்கள் மேலாளரிடம் தைரியமாகச் சொல்லலாம். பதில் எழுதும்போது மட்டும் அந்த மரியாதையை ஆங்கிலத்தில் திருப்பிச் செலுத்தப் பார்க்காதீர்கள்.

சரி, இன்றைய பொருளுக்கு வருவோம். ‘படுமோசமான’ என்று அகராதி சொல்வது தவறில்லை, ஆனால் பாதிதான். இந்தச் சொல்லுக்குள் மந்தை இன்னும் உயிரோடு இருக்கிறது. எக்ரீஜியஸ் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அதே மாதிரித் தவறுகள் ஒரு கூட்டமாக மனதில் நிற்க வேண்டும். எல்லாரும் அவ்வப்போது செய்யும், பார்த்துப் பழகிய, திட்டிவிட்டு மறந்துவிடும் தவறுகளின் கூட்டம். அந்தக் கூட்டத்திலிருந்து இது ஒன்று தலை நிமிர்ந்து தனியாகத் தெரிகிறதா என்று கேட்க வேண்டும். தெரிந்தால் எக்ரீஜியஸ். இல்லாவிட்டால் வெறும் தவறு. நான் இத்தனை வருடமாக இதை ஒன்றைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

இதிலிருந்து மற்றதெல்லாம் தானாக வரும். நல்லதற்கு முன்னால் இது வராது. மனிதர் செய்யாத கெடுதலுக்கு முன்னாலும் வராது. எக்ரீஜியஸ் வெள்ளம், எக்ரீஜியஸ் வெயில் என்று எழுத முடியாது, ஏனென்றால் வெள்ளத்துக்கு மனசாட்சி கிடையாது. வெள்ளம் வருகிறது என்று தெரிந்தும் அணையைத் திறக்கிற விஷயத்தை ஊருக்குச் சொல்லாமல் விட்டால், அந்த அலட்சியத்துக்கு முன்னால் தாராளமாகப் போடலாம். தவறு, மீறல், பொய், நடத்தை, துஷ்பிரயோகம் போன்ற சொற்கள்தான் இதற்கு வழக்கமான ஜோடி. ஆளுக்கு முன்னால் போடுவது இப்போது அருகிவிட்டது. ‘வெரி’ சேர்க்கத் தேவையில்லை, ஏற்கெனவே உச்சியில் நிற்பதற்கு ஏணி எதற்கு. ஆனால் ‘மோஸ்ட்’ சேர்த்து எழுதுவது நல்ல ஆங்கிலத்திலும் சாதாரணம். உச்சரிப்பில் ‘இக்ரீஜஸ்’ என்று ‘ரீ’யில் அழுத்தம். நாம் சொல்வதுபோல ‘ஜியஸ்’ என்று இழுத்தாலும் குற்றமில்லை.

இதன் பங்காளிகளோடு குழப்பிக்கொள்வதுதான் பொதுவாக நடக்கும் பிழை. ‘ஃப்ளேக்ரன்ட்’ என்பது லத்தீனில் எரிவது. தீ எரியும்போதே பார்த்தது, நம் வழக்கில் கையும் களவுமாக. ‘பிளேட்டன்ட்’ என்ற சொல்லை 1596-இல் ஸ்பென்சர் என்ற கவிஞர் தன் காவியத்தில் ஆயிரம் நாக்கு கொண்டு ஊளையிடும் ஒரு மிருகத்துக்காக உண்டாக்கினார். ஆக அதில் இருப்பது கூச்சல், வெட்கமின்மை. ‘கிராஸ்’ என்பது பருமன், சட்டத்தில் அளவு மீறிய அலட்சியத்துக்கு இதுதான் வரும். தமிழில் இந்த வித்தியாசம் பொய்க்குள்ளேயே இருக்கிறது. பச்சைப் பொய் என்றால் மறைக்கக்கூட முயலாத பொய், அது பிளேட்டன்ட். அண்டப்புளுகு என்றால் பொய்களுக்குள்ளேயே அளவில் பெரிய பொய், அது எக்ரீஜியஸ். ஒரே பொய் இரண்டாகவும் இருக்கலாம். ஆனால் கச்சிதமாக மறைத்து வைத்து, பத்து வருடம் கழித்து ஆடிட்டில் வெளிவரும் ஒரு கணக்கு மோசடி பிளேட்டன்ட் ஆகாது. எக்ரீஜியஸ் ஆகும். இந்த இடத்தில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் வழுக்கி விழுவார்கள். நானும் விழுந்திருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் பேங்க் கேரண்டிக்கு வர வேண்டும்.

பேங்க் கேரண்டியின் உயிரே, கேட்டவுடன் பணம் என்பதில் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் இவ்வளவு தொகையை நாங்கள் தருகிறோம் என்று வங்கி வேலை கொடுத்தவருக்கு எழுதித் தருகிறது. பெரும்பாலும் ஒப்பந்த மதிப்பில் 5 முதல் 10 சதவீதம். அந்தப் பத்திரத்தில் ஆட்சேபம் இல்லாமல், தகராறு இருந்தாலும், ஒப்பந்தக்காரரைக் கேட்காமலே தருவோம் என்று வரிக்கு வரி இருக்கும். அதனால்தான் வேலை கொடுப்பவர் அதை ரொக்கத்துக்குச் சமமாக வாங்கி வைத்துக்கொள்கிறார். தகராறு வந்தவுடன் ஒப்பந்தக்காரர் கோர்ட்டுக்கு ஓடித் தடை வாங்கிவிட முடியும் என்றால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பே இல்லை. பன்னாட்டு வணிகத்தின் ரத்த ஓட்டம் இது என்று ஆங்கிலேய நீதிபதிகள் 1970-களில் எழுதினார்கள். நம் உச்ச நீதிமன்றம் 1987-இல் உத்தரப் பிரதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்புக்கும் சிங் கன்சல்டன்ட்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் அதே பாதையில் போனது. நீதிமன்றங்கள் இதில் தலையிடுவது அபூர்வமாகத்தான் இருக்க வேண்டும் என்றது.

அந்த அபூர்வத்துக்கு இரண்டு வாசல். ஒன்று, மீட்கவே முடியாத அநீதி. இதற்கு எப்போதும் சொல்லப்படும் உதாரணம் ஐடெக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வழக்கு. ஈரான் புரட்சிக்குப் பிறகு, பணம் அங்கே போனால் ஈரான் கோர்ட்டில் வழக்குப் போட்டுத் திரும்ப வாங்குவது நடக்காத காரியம் என்ற நிலைமை. உங்கள் விஷயத்தில் வாங்கியவர் நம் நாட்டிலேயே இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அந்த வாசல் உங்களுக்குத் திறப்பது கஷ்டம். இரண்டாவது வாசலில்தான் நம் சொல் காவல்காரனாக நிற்கிறது. சாதாரண மோசடி போதாது, எக்ரீஜியஸ் வகை மோசடியாக இருக்க வேண்டும். 2007-இல் ஹிமாத்ரி கெமிக்கல்ஸ் வழக்கின் தீர்ப்பு அதற்கு மேலும் ஒரு அளவு சொன்னது. அந்த கேரண்டியின் அடித்தளத்தையே கெடுத்துவிடுகிற மோசடியாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். மோசடி என்றால் என்ன என்று 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு விளக்குகிறது. அந்த விளக்கத்தில் எக்ரீஜியஸ் என்ற சொல்லே கிடையாது. அது நீதிபதிகள் தீர்ப்பெழுதும்போது கொண்டுவந்த அடைமொழி. ஒரு அடைமொழி கோடிக்கணக்கான ரூபாயைத் தடுத்து நிறுத்துகிறது அல்லது போக விடுகிறது. ஏன் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யோசித்தால் மந்தைக் கணக்குதான் ஞாபகத்துக்கு வருகிறது. கேரண்டி வழக்குக்கு வருகிற ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் எதிராளி ஏமாற்றிவிட்டான் என்றுதான் சொல்வார். அது ஒரு மந்தை. தளவாடம் தரமில்லை என்று பொய் சொல்கிறான், தாமதத்துக்குக் காரணம் அவனே, பில்லை வேண்டுமென்று நிறுத்திவைத்தான், எல்லாம் அந்த மந்தையில் சேரும். அவற்றைப் பிறகு ஆர்பிட்ரேஷனில், அதாவது நடுவர் முன்னால், பேசிக்கொள்ளலாம். முழுப் பணமும் வந்து சேர்ந்துவிட்டது, உங்களிடம் பாக்கியே இல்லை என்று எதிராளியே கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டு, அதே பணத்துக்காக கேரண்டியைக் காட்டி வங்கியிடம் கேட்டால் அது மந்தையில் சேராது. அப்படி ஒரு காகிதம் உங்களிடம் இருந்தால் வாதிக்க இடமுண்டு.

மனுவில் இந்தச் சொல்லைப் பத்து இடத்தில் தூவிவிட்டால் காரியம் நடந்துவிடும் என்று நினைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நடக்காது. மோசடி என்று சொல்பவர் அதன் விவரங்களை, தேவைப்பட்டால் தேதியோடு, மனுவிலேயே எழுத வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆறாவது ஆணையின் நான்காவது விதியில் சொல்கிறது. அடைமொழி சாட்சியம் ஆகாது.

இப்போது நான் விழுந்த கதை. பல வருடம் முன்பு ஈரோட்டுப் பக்கம் சாலை கான்ட்ராக்ட் எடுக்கும் ஒருவருக்காக இந்த மாதிரி ஒரு உத்தரவைத் தமிழில் எழுதித் தந்தேன். ‘அப்பட்டமான மோசடி’ என்று போட்டிருந்தேன். அவருடைய சீனியர் வக்கீல் அதைச் சிவப்பு மையால் சுழித்தார். “அப்பட்டம்னா கண்ணுக்குத் தெரியறது. இங்க தெரியுதா இல்லையாங்கறது பிரச்சினை இல்ல, எவ்வளவு ஆழம்கறதுதான்” என்றார். நான் அடித்துவிட்டு ‘கொடிய மோசடி’ என்று எழுதினேன். கொலைக் கேஸ் மாதிரி இருக்கிறது என்றார். கடைசியில் ‘ஒப்பந்தத்தின் அடிவேரையே சாய்க்கும் அசாதாரண மோசடி’ என்று நாலு வார்த்தையில் சமாதானம் ஆனோம். ஒரு சொல்லுக்கு நாலு சொல் என்று எனக்கு அன்று வருத்தம். இப்போது இல்லை. அந்த ‘அசாதாரண’த்தில் மந்தை இருக்கிறது, ‘அடிவேர்’ தீர்ப்பு கேட்ட அளவு.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த கான்ட்ராக்டர் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். “ஏனுங்க, அப்ப சின்ன மோசடின்னா கோர்ட்டு கண்டுக்காதுங்களா?”

சீனியர் சிரிக்கவில்லை. “கண்டுக்கும். பணத்தைக் கட்டினப்பறம் கண்டுக்கும்.”

பேங்க் கேரண்டிச் சட்டத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பணம் முதலில் போக வேண்டும், நியாயம் பிறகு வழக்காடித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியது. வரிசையை மாற்றுகிற அளவுக்கு மோசடி இருந்தால்தான் எக்ரீஜியஸ். அமெரிக்காவிலும் இந்தச் சொல் இதே மாதிரி வாசல் காக்கிறது. 2016-இல் ஹாலோ எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், காப்புரிமை மீறலுக்கு மூன்று மடங்கு வரை நஷ்டஈடு கூட்டித் தருவது பொதுவாக எக்ரீஜியஸ் நடத்தைக்கென்று ஒதுக்கியது என்றது. அங்கேயும் சாதாரண மீறலை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு இதைத் தனியாகப் பார்க்கிறார்கள்.

இனி உங்கள் மெமோ. இதே அளவுகோலை வைத்துப் பார்ப்போம். நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால், வேலை கொடுத்தவர்களிடமிருந்து ‘நீட்டித்துத் தருக, இல்லையேல் பணம் தருக’ என்ற கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது, நீங்கள் அடுத்த வாரம் முழுக்க விடுப்பில் இருந்தீர்கள், கடிதம் உங்கள் மேஜைத் தட்டிலேயே கிடந்தது. வங்கியிலிருந்து வேறு நினைவூட்டல் வரவில்லை. கேரண்டி ரிஜிஸ்டரில் தேதியைச் சிவப்பில் எழுதி வைக்கவில்லை என்பது உங்கள் தவறு. இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வங்கியில் இருந்த காலத்தில் இப்படித் தேதி தவறவிட்ட அக்கவுண்டன்ட்களை மாதத்துக்கு ஒருவராகப் பார்த்தேன். மூச்சிரைக்க ஓடிவந்து கவுண்டரில் நிற்பார்கள். அது பெரிய மந்தை. நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். மூன்று நினைவூட்டலைப் படித்துவிட்டு ஃபைலுக்கு அடியில் தள்ளியிருந்தாலோ, தேதியைத் திருத்தி எழுதியிருந்தாலோ நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

ஆகவே மெமோ எழுதியவர் சொல்லைச் சரியான பொருளில் போட்டிருந்தால் அது மிகை. பெரும்பாலும் அவர் பொருள் பார்த்துப் போட்டிருக்க மாட்டார், வக்கீலின் கடிதத்தில் புதிதாகப் பார்த்த சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். எப்படியானாலும் காகிதத்தில் ஏறிவிட்டது. நாளை விசாரணை என்று வந்தால் அந்தச் சொல்லைத்தான் முதலில் படிப்பார்கள். உங்கள் கம்பெனியின் நிலையாணைகளில், அதாவது ஊழியர்களுக்கான நடத்தை விதிகளில், எந்தெந்தத் தவறு என்ன பெயரில் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். ஒரு தடவை நடந்த கவனக்குறைவையும் வழக்கமாகச் செய்யும் கவனக்குறைவையும் பிரித்துத்தான் வைத்திருப்பார்கள். அதற்கு மேல் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரைப் பார்ப்பது நல்லது, அது என் துறை இல்லை.

பதிலில் பணிவைக் காட்டுவதற்காக அந்தச் சொல்லை நீங்களே திருப்பி எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதவே எழுதாதீர்கள். நம் ஆட்கள் மன்னிப்புக் கேட்கும்போது தங்கள் குற்றத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் எதிரில் இருப்பவர் இளகுவார் என்று நினைப்போம். வீட்டில் அது நடக்கும். அலுவலகக் கடிதத்தில் அது ஒப்புதல் வாக்குமூலம். என்ன நடந்ததோ அதை மட்டும் எழுதுங்கள். கடிதம் எந்தத் தேதியில் வந்தது, விடுப்பு எந்தத் தேதியில் அனுமதிக்கப்பட்டது, அந்த வாரம் உங்கள் வேலை யாரிடம் ஒப்படைக்கப்பட்டது அல்லது ஒப்படைக்கப்படவில்லை, இவ்வளவும் நாலு வரியில் வந்துவிடும். தவறு என்ற சொல் ஒரு முறை வரட்டும், அதற்கு முன்னால் அடைமொழி எதுவும் வேண்டாம். விடுப்பு விண்ணப்பத்தின் நகலைப் பின்னால் இணைக்க மறந்துவிடாதீர்கள்.